பழைய வைஸ்: எடை போடும் முன் எழுத்தைப் படியுங்கள்

சரக்கை அறிந்தவர் விலை சொல்வார். அறியாதவர் தராசைப் பார்ப்பார். வணிகத்தில் இருக்கும் நம் அனைவருக்கும் இது தெரிந்ததே. பருப்பு மூட்டையில் கை விட்டுப் பார்க்கிறோம். மிளகை உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கிறோம். புளியில் கொட்டையும் ஓடும் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிறோம். இத்தனை பழகிய நாமே, பழைய இரும்புச் சாமான் என்று வந்துவிட்டால் மட்டும், கிலோ என்ன விலை என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக் கொள்கிறோம்.

அப்படி எடைக்குப் போய்விடும் சாமான்களில் ஒன்று, பட்டறை மேசையில் முடுக்கி வைக்கும் வைஸ். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பழைய வைஸ்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் ஏராளமாக உள்ளனர். நல்ல தயாரிப்பாளரின் பெயரோடு, உடையாமல், முழு உறுப்புகளோடு கிடைக்கும் வைஸுக்கு அவர்கள் இரும்பு விலையைப் போலப் பல மடங்கு கொடுக்கிறார்கள். சேர்ப்பவர் மட்டுமல்ல, நாள்தோறும் அதில் வேலை செய்யப் போகிறவரும் விரும்பி வாங்குகிறார். ஒழுங்காகத் துடைத்து எண்ணெய் இட்டால் 80 ஆண்டு ஆன வைஸ் இன்னும் 80 ஆண்டு உழைக்கும்.

நம் உறுப்பினர்களில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்போர் உண்டு. மூடிய பட்டறையையோ பழைய கடையையோ உள்ளிருக்கும் சாமானோடு வாங்குவோர் உண்டு. மளிகைக் கடைக்காரருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். துருவை நீக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை மளிகைக் கடைச் சரக்கு என்பதைப் பின்னால் பார்ப்போம்.

உறுப்புகள்

வைஸில் இரண்டு தாடைகள். ஒன்று அசையாதது, மேசையோடு நிற்பது. மற்றொன்று திருகுத் தண்டைச் சுற்றும்போது முன்னும் பின்னும் நகர்வது. தண்டு உள்ளே ஒரு நட்டில் ஏறுகிறது. தாடைகளின் முகத்தில் தனியாகக் கடின எஃகுத் தகடுகள் பதித்திருக்கும்; இவை தேய்ந்தால் மாற்றிக் கொள்ளலாம். சிலவற்றில் அடிப்பாகம் சுழலும். இரண்டு முடுக்கிகளால் அதைப் பூட்டி நிறுத்துவார்கள்.

வைஸின் அளவு என்றால் தாடையின் அகலம். 4 அங்குல வைஸ் என்பதற்கு 4 அங்குலம் திறக்கும் என்று பொருள் அல்ல; தாடை 4 அங்குல அகலம் என்று பொருள். வாங்குவோர் இதில் அடிக்கடி குழம்புகிறார்கள். ஆகவே விற்பவர் தாடை அகலம், திறக்கும் தூரம் இரண்டையும் அளந்து சொல்வது நல்லது.

கால் வைஸும் மேசை வைஸும்

வார்ப்பு வைஸ் பரவுவதற்கு முன் கொல்லர்கள் கையாண்டது கால் வைஸ். இது உலையில் காய்ச்சி அடித்து உருவாக்கியது. இதன் ஒரு கால் தரைவரை நீண்டு ஊன்றி நிற்கும். சம்மட்டி அடி விழும்போது அந்த வேகம் மேசைக்குப் போகாமல் காலின் வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். இங்கிலாந்தில் டட்லி ஊரின் பீட்டர் ரைட் இவ்வகைக்குப் பெயர் பெற்றவர். அவருடைய பட்டடைக் கற்களும் அவ்வாறே புகழ் பெற்றவை.

19ஆம் நூற்றாண்டில் இயந்திரப் பட்டறைகள் பெருகியபோது, அரத்தால் அராவுவதற்கும் பொருத்துவதற்கும் மேசைமேல் நிற்கும் வார்ப்பிரும்பு வைஸ் வந்தது. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும். இழுப்பையும் அடியையும் தாங்காது. சாதாரண சாம்பல் வார்ப்பிரும்பின் இழுவலிமை சதுர அங்குலத்துக்கு 20,000 முதல் 40,000 பவுண்டு வரை. பிற்காலத்தில் வந்த டக்டைல் வார்ப்பில் இது 60,000 பவுண்டும் அதற்கு மேலும் உண்டு; இது உடைவதற்கு முன் சற்று வளைந்தும் கொடுக்கும். ஜெர்மனியின் ஹாயர் போன்ற தயாரிப்புகள் அடித்து உருவாக்கிய எஃகினால் ஆனவை. ஆகவே ஒரே அளவுள்ள இரண்டு வைஸ்கள் ஒரே தரமாக இருக்க வேண்டியதில்லை.

பெயரைப் படிப்பது

தயாரிப்பாளர் பெயர் பெரும்பாலும் உடலின் பக்கத்திலோ தாடையின் முகப்பிலோ வார்ப்பிலேயே எழும்பி நிற்கும். அழுக்கும் பல அடுக்குப் பெயிண்டும் மூடியிருந்தால், ஒரு தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தால் எழுத்துத் தெரிய வரும்.

முதல் குறிப்பு எழுத்துக்கூட்டலிலேயே கிடைக்கும். ஆங்கிலத்தில் வைஸ் என்ற சொல்லை அமெரிக்கர் ‘எஸ்’ எழுத்து இட்டும், பிரிட்டிஷார் ‘சி’ எழுத்து இட்டும் எழுதுவர். பெயரின் பாதி மறைந்திருந்தாலும் இந்த ஓர் எழுத்தைக் கொண்டு நாட்டை ஊகிக்கலாம்.

இங்கிலாந்துத் தயாரிப்புகளில் முதலில் சொல்ல வேண்டியது ரெக்கார்ட். இது ஷெஃபீல்டு நகரின் சி அண்டு ஜே ஹாம்ப்டன் நிறுவனத்தின் முத்திரைப் பெயர். நீல வண்ணம் இதன் அடையாளம். மர வேலைக்கான ரெக்கார்ட் வைஸ்களில் 52ஆம் எண் 7 அங்குலம், 53ஆம் எண் 10½ அங்குலம். இவற்றில் சிறிய நெம்பை அழுத்தினால் நட்டு தண்டைவிட்டு விலகும். தாடையைக் கையால் இழுத்து வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். இந்த விரைவு ஏற்பாட்டுக்கு யார்க்ஷயரின் ஷிப்லி ஊர் பார்க்கின்சன் நிறுவனமும் பேர் பெற்றது. வெட்னஸ்பரி ஊரிலிருந்து வந்தது வோடன்.

அமெரிக்காவில் பெயர்கள் அதிகம். பென்சில்வேனியாவின் ஈரி நகரில் ரீட், கிளீவ்லாந்தில் கொலம்பியன், சிகாகோவில் வில்டன், நியூயார்க்கின் பிரென்டிஸ் ஆகியவை அவற்றில் சில. 1908இல் தொடங்கிய யோஸ்ட் என்ற பெயரும் அடிக்கடி காணப்படும்.

இவற்றில் இரண்டின் வரலாறு உணவுச் சரக்கு விற்கும் நமக்குச் சுவையாக இருக்கும். கனெக்டிகட் மாநிலத்தின் மெரிடன் ஊரில் சார்லஸ் பார்க்கர் 1832இல் தொழில் தொடங்கியது காப்பிக் கொட்டை அரைக்கும் கைமிஷின் செய்வதில்தான். பிறகே அவருடைய நிறுவனம் வைஸ்களுக்குப் பெயர் பெற்றது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் அத்தால் ஊரில் அத்தால் மிஷின் கம்பெனி 1868இல் உருவானது, லாராய் ஸ்டாரட் கண்டுபிடித்த இறைச்சி கொத்தும் மிஷினைச் செய்வதற்காக. ஸ்டாரட் பின்னர் பிரிந்து 1880இல் அளவுக் கருவி செய்யும் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 1905இல் அத்தால் மிஷின் கம்பெனியையே விலைக்கு வாங்கினார். எனவே வைஸில் ‘அத்தால்’ பெயர் மட்டும் இருந்தால் அது முந்தைய காலமாக இருக்கலாம். ‘ஸ்டாரட்’ பெயரும் சேர்ந்திருந்தால் 1905க்குப் பின். ஒரு நிறுவனம் கைமாறிய ஆண்டைத் தெரிந்து வைத்திருப்பது இப்படித்தான் கைகொடுக்கிறது.

காலத்தைக் கணிப்பது

எழுத்தில் வேறு சில தடயங்களும் உண்டு. அமெரிக்க வைஸ்களில் ‘பேடன்ட்’ என்ற சொல்லோடு ஒரு தேதி இருக்கும். அது உரிமை வழங்கிய தேதி. வைஸ் செய்த தேதி அல்ல. 1861 முதல் 1995 வரை அமெரிக்காவில் பேடன்ட் உரிமை, வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டு நீடித்தது. அதே வார்ப்பு அச்சில் அந்த ஆண்டுகள் முழுவதும், சில வேளை அதற்குப் பின்னும், வைஸ் வார்த்திருப்பார்கள். ஆகவே 1905 என்று இருந்தால், 1905க்கு முந்தையது அல்ல என்பது மட்டுமே உறுதி.

அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி, 1891 மார்ச் முதல் அந்நாட்டுக்குள் வரும் அயல்நாட்டுப் பொருளில் அது உண்டான நாட்டின் பெயர் இருக்க வேண்டும். நாட்டின் பெயர் பொறித்த ஏற்றுமதிச் சரக்குகள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை.

எல்லாவற்றையும்விடத் தெளிவாகத் தேதி சொல்வது வில்டன். செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து குடியேறிய ஹியூ வோகல் இதை 1941இல் சிகாகோவில் தொடங்கினார். தண்டும் நட்டும் உருண்ட கூட்டுக்குள் மூடப்பட்டிருக்கும். துப்பாக்கிக் குண்டு போன்ற வடிவத்தால் இதற்கு ‘புல்லட்’ என்றே பெயர். அராவிய தூள் உள்ளே புகாததால் திருகு நெடுநாள் தேயாது. நகரும் தாடையைக் கழற்றி அதன் கீழ்ப்புறத்தைப் பார்த்தால் மாதமும் ஆண்டும் குத்தியிருக்கும். முற்காலத்தியவற்றில் இது 5 ஆண்டு உத்தரவாதம் முடியும் தேதி. உத்தரவாதக் குறியோடு ‘4-52’ என்று இருந்தால் 1947 ஏப்ரலில் செய்தது என்று கொள்ள வேண்டும். அக்குறி இல்லாமல் பிற்காலத்தில் குத்திய தேதி, செய்த தேதியே. உடலில் ‘சிகாகோ’ என்று இருப்பது முந்தையது. ‘ஷில்லர் பார்க்’ என்று இருப்பது நிறுவனம் இடம் மாறிய பின் வந்தது.

குத்திய இந்த எண்கள் மிக மெல்லியவை. துருவைப் போக்குவதாகக் கிரைண்டரை ஒரு முறை ஓட்டினால் போதும், 75 ஆண்டு நின்ற தேதி ஒரு நிமிடத்தில் மறைந்துவிடும். பிறகு அந்த வைஸ் பேச்சற்ற இரும்புதான்.

வாங்கும் முன் சோதனை

பெயர் எவ்வளவு பெரிதானாலும் உடைந்த வார்ப்புக்கு அந்த விலை இல்லை. ஐந்து இடங்களைப் பார்க்க வேண்டும்.

1. அசையாத தாடையின் அடி. இழுவிசை முழுவதும் இங்கேதான் விழுகிறது. மண்பானையைத் தட்டிப் பார்ப்பது போலச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கலாம்; விரிசல் இருந்தால் ஒலி செத்துக் கேட்கும். ஐயம் இருந்தால் அவ்விடத்தில் மண்ணெண்ணெய் பூசி, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்குக் கட்டித் தூளைத் தூவுங்கள். விரிசலுக்குள் தங்கிய மண்ணெண்ணெய் தூளில் கசிந்து கோடாகத் தெரியும்.

2. அடிப்பாகத்தின் காதுகள். மேசையோடு முடுக்கும் துளைகளைச் சுற்றிய பகுதி உடைந்திருக்கிறதா, சுழலும் அடியின் இரு பூட்டு முடுக்கிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

3. திருகும் நட்டும். கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்தால் தாடை நகராமல் சற்றே சுழல்வது இயல்பு. அரைச் சுற்றுக்கு மேல் வெறுமனே சுழன்றால் தேய்மானம் அதிகம். பெரும்பாலான வேலை முதல் இரண்டு அங்குலத் திறப்பிலேயே நடப்பதால் தண்டு அங்கேதான் தேயும். எனவே சிறிது திறந்தும், நிறையத் திறந்தும், இரண்டு நிலையிலும் சோதிக்க வேண்டும். நட்டே இல்லாத வைஸும் சந்தைக்கு வரும். தாடையை வெளியே இழுத்து நட்டைக் கண்ணால் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

4. தாடைகளின் நேர். இரு ஓரத்திலும் ஒவ்வொரு தாள் துண்டு வைத்து மெதுவாக மூடுங்கள். இரண்டும் ஒன்றுபோலப் பிடிபட வேண்டும். மேல் விளிம்பு முதலில் தொடுவது குறை அல்ல; இறுக்கும்போது தாடை சற்று விரிந்து முழு முகமும் பதியட்டும் என்று பலர் அப்படியே செய்திருக்கிறார்கள்.

5. கைப்பிடி. வளைந்திருந்தால் யாரோ அதில் குழாய் மாட்டி இறுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். கையின் பலத்துக்கு ஏற்ற நீளத்தில்தான் கைப்பிடி அமைந்திருக்கிறது. குழாய் மாட்டினால் அந்தக் கணக்கு தவறி வார்ப்பு உடையும். வளைந்த கைப்பிடியைக் கண்டால் முதல் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

புதிதாக அடித்த கனமான பெயிண்டைக் கண்டால் எச்சரிக்கை வேண்டும். பட்டி வைத்து விரிசலை அடைத்து, மேலே பளபளவென்று வண்ணம் பூசி விற்பது எல்லா ஊரிலும் உண்டு.

துருவுக்கு மருந்து நம் கடையில்

முதலில் எல்லா உறுப்புகளையும் கழற்றி, எது எங்கிருந்தது என்று படம் எடுத்துக் கொள்ளுங்கள். இறுகிய திருகில் மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருங்கள். பொறுமை இல்லாமல் சம்மட்டி எடுப்பதால் உடையும் வைஸ்கள் அதிகம். பித்தளை, வெண்கல உறுப்புகளைத் தனியே வையுங்கள்.

லேசான துருவுக்கு வினிகர் போதும். ஓரிரு நாள் ஊற வைத்து, அவ்வப்போது எடுத்துப் பார்த்துத் தேய்க்க வேண்டும். அமிலம் துருவைத் தின்று முடித்தபின் நல்ல இரும்பையும் தின்னத் தொடங்கும். எனவே மறந்து போகக் கூடாது. எடுத்ததும் சோடாத் தண்ணீரில் கழுவினால் மிஞ்சிய புளிப்பு அடங்கும். கழிவறை கழுவும் ஆசிட்டை அருகில் கொண்டு வர வேண்டாம். அது இரும்பைக் கடுமையாக அரிக்கும், அதன் ஆவி பக்கத்தில் உள்ள மற்ற சாமானையும் துருப்பிடிக்க வைக்கும்.

அவசரம் இல்லாதவருக்கு மொலாசஸ், அதாவது சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு. ஒரு பங்கு பாகுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து இரண்டு மூன்று வாரம் ஊற வைத்தால் துரு இளகி வரும். நாற்றம் உண்டு, கடைக்குள் வைக்க முடியாது.

மெல்லிய எழுத்துகளைக் காப்பாற்றச் சிறந்தது மின்சார முறை. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, 4 லிட்டருக்கு ஒரு மேசைக் கரண்டி வீதம் சலவை சோடா கரையுங்கள். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை வைஸ் உறுப்பிலும், நேர்முனையை வேண்டாத ஓர் இரும்புத் தகட்டிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தொட்டியில் இறக்குங்கள். சில மணி நேரத்தில் துரு கழன்று கறுப்புச் சேறாகும். அடியில் உள்ள நல்ல இரும்பு கரையாது. முனைகளை மாற்றி இணைத்தால் வைஸ்தான் கரையும் என்பதை நினைவில் வையுங்கள். நேர்முனையில் எவர்சில்வர் தகடு கூடாது. அதிலிருந்து நச்சுள்ள குரோமியம் தண்ணீரில் கலக்கும். இம்முறையில் எரியும் வாயு வெளிவருவதால் திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்ய வேண்டும். சுவிட்சை அணைத்து இணைப்பைக் கழற்றிய பிறகே தொட்டியில் கை வைக்க வேண்டும்.

எந்த முறையானாலும், கழுவிய இரும்பு சில நிமிடங்களிலேயே மறுபடி துருவேறும். உடனே துணியால் துடைத்து, வெயிலில் காய வைத்து, எண்ணெய் தடவுங்கள். திருகுக்குக் கிரீஸ், நகரும் பகுதிக்குத் தையல் மிஷின் எண்ணெய். நல்லெண்ணெய் போன்ற சமையல் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசினாகி இறுக்கிக் கொள்ளும். மேல் பூச்சுக்கு ஆளி விதை எண்ணெய் கையாள்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். சாக்கும் அட்டைப் பெட்டியும் குவிந்த கிடங்கில் இது பெரும் ஆபத்து. துணியை விரித்துக் காய வையுங்கள். அல்லது தண்ணீரில் போட்டு வையுங்கள்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக் கூடும். அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்துத் தூள் கிளப்பலாகாது. உணவுப் பொருள் விற்கும் இடத்தில் இந்த வேலையை வைத்துக் கொள்ளவே கூடாது.

எவ்வளவு புதுப்பிக்கலாம்?

தாடைத் தகடுகள், கைப்பிடி, முடுக்கி இவற்றை மாற்றுவதில் தவறில்லை. உடைந்த வார்ப்பை ஒட்டுவது தேர்ந்த கையின் வேலை. வார்ப்பிரும்பை நன்றாகச் சூடாக்கி, வெண்கலக் கம்பியால் பிரேஸிங் செய்தோ நிக்கல் கம்பியால் வெல்டிங் செய்தோ, மெதுவாக ஆற விட வேண்டும். அவசரமாக ஆறினால் ஒட்டின் அருகிலேயே புது விரிசல் விடும். பழைய வண்ணம் பாதிக்கு மேல் நின்றால் அதைக் கழுவி அப்படியே விடுவதே மேல். சேர்ப்பவர் பலரும் புதுப் பெயிண்டைவிடப் பழைய பெயிண்டையே மதிக்கிறார்கள்; அதில் மறைவு இல்லை அல்லவா?

விற்பவர் கடமை

ஒட்டுப் போட்ட வைஸை ஒட்டுப் போட்டது என்று சொல்லியே விற்க வேண்டும். இது நாணயம் மட்டும் அல்ல, பாதுகாப்பும் ஆகும். ஒட்டு விட்டுப் போனால் இரும்புத் துண்டு வேலை செய்பவரின் கையிலோ முகத்திலோ பாயும். அரிசியில் கல் இருந்தால் வாடிக்கையாளர் திரும்பி வந்து நம்மிடம் சண்டை போடலாம். கை போனவர் எதைத் திரும்பப் பெறுவார்?

வாங்கும் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. கணவரையோ தந்தையையோ இழந்த குடும்பம் பட்டறைச் சாமானை விற்க வரும்போது, பொருளின் அருமை தெரிந்த நாம் அதை மறைத்து எடை விலை கொடுப்பது வணிகம் ஆகாது. நியாயமான விலை கொடுத்து வாங்கினாலும் இதில் லாபம் நிற்கும்.

அடுத்த முறை ஒரு பழைய வைஸ் நம் முன் வரும்போது தராசு சற்றுக் காத்திருக்கட்டும். ஈரத்துணியால் பக்கவாட்டைத் துடைத்துப் பெயரைப் படியுங்கள். தாடையை இழுத்து நட்டைப் பாருங்கள். தட்டி ஒலியைக் கேளுங்கள். இதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. பெயரும் இல்லை, உடலும் உடைந்தது என்றால் அப்போது தாராளமாக எடை போடலாம்.